நாவற்குடாவுக்கும் ஆரையம்பதிக்கும் நடுவில் ஒரு வரி: செட் கட்டளை சொன்னபடி கேட்காதபோது

மட்டக்களப்பு டவுனிலிருந்து கல்முனை வரைக்கும் கரையோர வீதியில் வரும் பஸ் தரிப்பிடங்களின் பட்டியல் ஒன்றை நான் களுவாஞ்சிகுடியில் இருந்துகொண்டு பராமரிக்கிறேன். வெறும் எழுத்துக் கோப்பு, ஒரு வரிக்கு ஒரு ஊர், அதை ஒரு ஸ்கிரிப்ட் எடுத்து நேர அட்டவணையாக அச்சடிக்கும். ஒருநாள் பார்த்தால் நாவற்குடாவுக்கு அடுத்ததாக ஆரையம்பதி நிற்கிறது, நடுவில் இருக்க வேண்டிய காத்தான்குடியைக் காணவில்லை. ஒரு கோப்பு என்றால் திறந்து கையால் தட்டிவிடலாம். எனக்கு அதே பிழை 14 கோப்புகளில் இருந்தது. இப்படியான வேலைக்குத்தான் செட் இருக்கிறது, கோப்பைத் திறக்காமலே வரிகளைத் திருத்தும் லினக்ஸ் கட்டளை:

செட் -ஐ '/நாவற்குடா/ஏ காத்தான்குடி' தரிப்பு

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். செட் என்றால் எஸ், ஈ, டி மூன்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும், தனியாக நிற்கும் ஐ, ஏ, ஆர், பி எல்லாம் அந்தந்த ஒற்றை எழுத்து. குறிகள் அப்படியே. ஊர்ப் பெயரும் கோப்பின் பெயரும் தமிழிலேயே இருக்கலாம், லினக்ஸ் மறுக்காது.

மேலே உள்ளதில் சாய்கோடுகளுக்கு நடுவில் இருப்பது தேடும் சொல், கடைசியில் நிற்கும் தரிப்பு கோப்பின் பெயர். ஏ என்றால் அந்தச் சொல் உள்ள வரிக்குப் பின்னால் சேர், அதன் இடத்தில் ஐ போட்டால் முன்னால் சேர். முன்னால் கோடு போட்டு வரும் -ஐ வேறு, அது கோப்பையே மாற்று என்ற அனுமதி. ஏ, ஐ இரண்டும் கென் தொம்சன் எழுதிய பழைய ஈடி என்ற எடிட்டரிலிருந்து வந்தவை. 1970களில் பெல் ஆய்வகத்தில் லீ மக்மான் செட்டை எழுதியபோது அவற்றை அப்படியே வைத்துக்கொண்டார், ஆனால் கோப்பைத் திறந்து உட்கார்ந்து திருத்தும் முறையை விட்டுவிட்டு, வரிகள் ஒவ்வொன்றாக ஓடிவர ஓடிவரத் தொட்டு அனுப்பும் முறைக்கு மாற்றினார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் கோளாறுகளில் சில இதனால்தான் வருகின்றன, வேறு சில செட்டுக்குக் கட்டளை போய்ச் சேரும் முன்பே ஷெல், அதாவது நீங்கள் தட்டுவதை வாங்கி ஓட்டும் நிரல், செய்யும் வேலை.

கட்டளை ஓடியது, பிழை எதுவும் சொல்லவில்லை, ஆனால் வரி நுழையவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான், அதனால் இதிலேயே கொஞ்சம் நிற்கிறேன். தேடிய சொல் கிடைக்காவிட்டால் செட் வாய் திறக்காது. வெற்றி என்ற அதே பூச்சியத்தைத்தான் திருப்பி அனுப்பும், ஆகையால் ஸ்கிரிப்டும் நன்றாக நடந்தது என்று நினைத்துப் போய்விடும்.

முதலில் -ஐ போட்டீர்களா என்று பாருங்கள். போடாவிட்டால் புது வரி திரையில் மட்டும் வந்து போயிருக்கும், கோப்பு பழையபடியே இருக்கும். போட்டிருந்தால், அதே சொல்லை, கோப்பில் சொல் தேடும் கிரெப் கட்டளையிடம் கேளுங்கள்:

கிரெப் -என் 'நாவற்குடா' தரிப்பு

கிரெப்புக்கும் கிடைக்கவில்லை, ஆனால் உங்கள் கண்ணுக்கு முன்னால் திரையில் அந்த ஊர் இருக்கிறது என்றால், தெரிவதும் உள்ளே இருப்பதும் வேறு என்று அர்த்தம். நம்முடைய பக்கம் இதற்கு முதல் காரணம் பாமினி. பழைய அலுவலகக் கோப்புகள், சங்கங்களின் பட்டியல்கள், கோயில் அழைப்பிதழ்கள், எவ்வளவோ பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. அந்தக் கோப்புக்குள் தமிழே கிடையாது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் இருக்கும், எழுத்துரு அதற்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. டெர்மினலில் திறந்து பார்த்தால் உடனே பிடிபடும். அதை யுனிகோடுக்கு மாற்றாமல் செட்டோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

இரண்டாவது காரணம் கண்ணுக்கு அகப்படாதது. கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகளை, அதாவது கொ, கோ போன்றவற்றை, யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டு துண்டாக வைக்கலாம். யுனிகோட் தரத்தின்படி இரண்டும் சமம், திரையிலும் ஒன்றுபோலத்தான் தெரியும். செட்டுக்கு மட்டும் இரண்டும் வேறு வேறு.

மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக்குப் போகும் பஸ்களுக்கு எனக்கு இன்னொரு பட்டியல் இருக்கிறது, அதில் 'கொக்கட்டிச்சோலை' என்று எத்தனை தரம் தேடியும் கிடைக்கவில்லை. அந்த வரியை யாரோ வேறொரு கீபோர்டில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள், நான் அதை வெட்டி ஒட்டியிருந்தேன். கடைசியில் பைட்டை எண்ணித்தான் பிடித்தேன். அந்த ஊர் 7ஆவது வரியில் இருக்கிறது என்று வையுங்கள், அந்த வரியை மட்டும் எடுத்து பைட்டை எண்ண (பி என்பது பிரின்ட்டின் முதல் எழுத்து):

செட் -என் '7பி' தரிப்பு | டபிள்யூசி -சி

யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். கொக்கட்டிச்சோலையில் புள்ளி, கொம்பு எல்லாம் சேர்த்து 15 குறிகள், ஆக 45, வரி முடிவுக்கு ஒன்று சேர்த்து 46 வர வேண்டும். 52 வந்தால் கொ, சோ இரண்டும் துண்டாகக் கிடக்கின்றன. 47 வந்தால் வால் பக்கம் ஒரு இடைவெளியோ விண்டோஸ் விட்டுப்போன வரிமுடிவுக் குறியோ ஒட்டியிருக்கிறது. வேறு ஊருக்குக் கணக்கு வேறு, ஆனால் முறை இதுதான், சரியாகத் தட்டிய சொல்லை எண்ணிப் பாருங்கள், கோப்பில் இருப்பதை எண்ணிப் பாருங்கள், வித்தியாசம் தானே சொல்லும்.

துண்டாகக் கிடப்பதைச் சேர்த்துவைக்க யூகான்வ் என்ற கருவி உதவும்:

யூகான்வ் -எக்ஸ் எனி-என்எஃப்சி தரிப்பு > தரிப்பு.புது

அவசரத்துக்கு, சொல்லைத் தேடாமல் வரி எண்ணைக் கொடுத்துவிடலாம்: செட் -ஐ '7ஏ அடுத்த ஊர்' தரிப்பு. பல கோப்புகளில் எண் மாறும் என்பதால் இது ஒரு கோப்புக்குத்தான் சரிவரும்.

மௌனம், பௌர்ணமி மாதிரிச் சொற்கள் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். ஔகாரக் குறியின் வால் ள போலவே இருப்பதால், கொம்பும் ள எழுத்தும் தட்டி ஒப்பேற்றியிருப்பார்கள். இதை யூகான்வ் சேர்த்துவைக்காது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. கையால்தான் திருத்த வேண்டும்.

சொல் கிடைக்கிறது, ஆனால் ^ அல்லது $ போட்டால் கிடைக்கவில்லை

^ வரியின் தொடக்கம், $ வரியின் முடிவு. $ போட்டதும் கிடைக்காமல் போனால் நூற்றுக்குத் தொண்ணூறு, விண்டோஸில் சேமித்த கோப்பு. அங்கே வரி முடிவில் கூடுதலாக ஒரு குறி இருக்கும், ஊர்ப் பெயருக்கும் வரி முடிவுக்கும் நடுவில் அது நின்றுகொள்ளும். நீக்க:

செட் -ஐ 'எஸ்/\ஆர்$//' தரிப்பு

^ போட்டு முதல் வரி மட்டும் கிடைக்கவில்லை, மற்ற வரிகள் கிடைக்கின்றன என்றால், கோப்பின் தலையில் 3 பைட் நீளமான ஒரு அடையாளம் இருக்கிறது. பழைய நோட்பேட் யூடிஎஃப்-8 என்று சேமிக்கும்போது அதைச் சேர்த்துவிடும். டாஸ்2யூனிக்ஸ் கருவி இருந்தால் இரண்டையும் ஒரே தடவையில் எடுத்துவிடும்.

முதல் வரிக்கு மேலே தலைப்புப் போடச் சொன்னேன், வெற்றுக் கோப்பில் ஒன்றும் விழவில்லை

'1ஐ தலைப்பு' என்பது முதல் வரி வரும்போது அதற்கு முன்னால் போடு என்ற கட்டளை. வெற்றுக் கோப்பில் முதல் வரியே வருவதில்லை. இது கோளாறு இல்லை, செட் ஓடிவரும் வரியைத் தொடுகிற கருவி, தொட ஒன்றும் இல்லை. வெற்றுக் கோப்புக்கு, கொடுத்த எழுத்தை அப்படியே வெளியிடும் எக்கோவும் அதைக் கோப்பின் வாலில் சேர்க்கும் >> குறியும் போதும்.

ஒரு இடத்தில் கேட்டேன், இரண்டு இடத்தில் விழுந்தது

கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு இரண்டும் தாண்டினால் அம்பாறை மாவட்டத்தின் பெரியநீலாவணை. அந்த ஊரைச் சேர்க்க என் தங்கை '/கல்லாறு/ஏ பெரியநீலாவணை' என்று கொடுத்துவிட்டு, "அண்ணா, மறுகாவும் அதே ஊர் வருது, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். பார்த்தால் இரண்டு கல்லாறுக்கும் நடுவில் ஒரு நீலாவணை, பிறகு இன்னொரு நீலாவணை. செட்டுக்குக் கல்லாறு என்ற எழுத்துகள் வரியில் எங்கே இருந்தாலும் போதும், அது முழு ஊர்ப் பெயரா என்று பார்க்காது. வரியின் இரண்டு பக்கமும் முளை அடித்துவிடுங்கள்:

செட் -ஐ '/^பெரியகல்லாறு$/ஏ பெரியநீலாவணை' தரிப்பு

ஒவ்வொரு வரிக்குக் கீழும் விழுந்திருந்தால், நீங்கள் தேடும் சொல்லையே கொடுக்கவில்லை. முகவரி இல்லாத ஏ எல்லா வரிக்கும் பொருந்தும்.

இன்னொரு விதமான இரட்டிப்பும் உண்டு: ஸ்கிரிப்டை இன்றைக்கு ஓட்டினால் ஒன்று, நாளைக்கு ஓட்டினால் இரண்டு. செட்டுக்கு நேற்று என்ன செய்தோம் என்ற நினைவு கிடையாது. நுழைக்கும் முன் இருக்கிறதா என்று கேட்க வையுங்கள்:

கிரெப் -கியூஎக்ஸ்எஃப் 'காத்தான்குடி' தரிப்பு || செட் -ஐ '/^நாவற்குடா$/ஏ காத்தான்குடி' தரிப்பு

இதில் கியூ என்றால் சத்தம் போடாதே, எக்ஸ் என்றால் முழு வரியும் பொருந்த வேண்டும், எஃப் என்றால் குறிகளுக்குச் சிறப்புப் பொருள் வேண்டாம். எஃப் மட்டும் பெரிய எழுத்து. தினமும் தானாக ஓடும் எந்த ஸ்கிரிப்டிலும் இந்த முன்பாதி இல்லாமல் வரி நுழைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பட்டியலில் ஒரு ஊர் இரண்டு தரம் வந்தால் சிரித்துவிட்டுத் திருத்தலாம், சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி முப்பது தரம் வந்தால் அப்படி விட முடியாது.

கோப்பே வெறுமையாகிவிட்டது

அநேகமாக இப்படித் தட்டியிருப்பீர்கள்: செட் '...' தரிப்பு > தரிப்பு. இதில் செட் மேல் குற்றமே இல்லை. > குறியைக் கண்டதும் ஷெல் முதல் வேலையாக அந்தக் கோப்பைத் துடைத்துவிடுகிறது, அதற்குப் பிறகுதான் செட்டை எழுப்புகிறது. செட் வந்து படிக்கும்போது படிக்க ஒரு வரியும் இல்லை. வேறு பெயரில் எழுதிவிட்டு எம்வி கட்டளையால் பழைய பெயருக்கு மாற்றுங்கள், அல்லது -ஐ பயன்படுத்துங்கள். >> போட வேண்டிய இடத்தில் > போட்டாலும் பழைய வரிகள் எல்லாம் போய்விடும். போனது போனதுதான், அதனால் -ஐ.பேக் என்று ஒட்டி எழுதும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள், பழைய கோப்பு தரிப்பு.பேக் என்ற பெயரில் பக்கத்திலேயே இருக்கும்.

ஒட்டி எழுதுவதில் ஒரு கவனம் வேண்டும். -ஐ, அடுத்து வருவது கட்டளை என்று சொல்லும் -ஈ, இரண்டையும் சேர்த்து -ஐஈ என்று எழுதினால், அந்த ஈ பேக்கப் கோப்பின் வால் என்று செட் எடுத்துக்கொள்ளும். அடைவில் தெரியாத ஒரு கோப்பு, உங்கள் கோப்பின் பெயரோடு ஒரு ஆங்கில ஈ ஒட்டி நின்றால் காரணம் இதுதான், பிரித்து எழுதுங்கள்.

புது வரி கடைசி ஊரோடு ஒட்டிக்கொண்டது

கல்முனைக்கு அடுத்ததாகச் சாய்ந்தமருதைச் சேர்க்க எக்கோவும் >> குறியும் போட்டால் 'கல்முனைசாய்ந்தமருது' என்று ஒரே வரியாக வரும். கோப்பின் கடைசி வரிக்கு வரிமுடிவு இல்லாததுதான் காரணம், சில எடிட்டர்கள் அதை வைக்காமலே சேமிக்கும். சேர்க்கும் முன் இதை ஓட்டுங்கள்:

செட் -ஐ '$ஏ\' தரிப்பு

இங்கே ஏ எழுத்துக்கு முன் நிற்கும் $ கடைசி வரியைக் குறிக்கும். வரிமுடிவு இல்லாவிட்டால் மட்டும் வைக்கும், இருந்தால் கோப்பு அப்படியே இருக்கும். லினக்ஸில் வரும் குனு செட்டுக்கு இது பொருந்தும்.

பிழைச் செய்தி வருகிறது

தெரியாத கட்டளை என்று சொன்னால் மேற்கோளைப் பாருங்கள். "$ஏ சாய்ந்தமருது" என்று இரட்டை மேற்கோளில் கொடுத்தால், $ஏ என்பதை ஷெல் தன்னுடைய மாறி என்று எடுத்து, அதில் ஒன்றும் இல்லாததால் வெறுமையாக்கி, மீதியை மட்டும் செட்டிடம் கொடுக்கும். ஒற்றை மேற்கோள் போட்டால் ஷெல் தொடாது. மறுபக்கம், ஊர்ப் பெயர் ஒரு மாறியில் இருந்து வர வேண்டும் என்றால் இரட்டை மேற்கோள்தான் வேண்டும், ஒற்றையில் போட்டால் மாறியின் பெயரே கோப்பில் போய் உட்காரும். மாறிக்குத் தமிழில் பெயர் வைக்க முடியாது. கோப்பின் பெயரில் தமிழை ஏற்கும் பாஷ் என்ற ஷெல், ஊர்='ஏறாவூர்' என்று எழுதினால் அப்படி ஒரு கட்டளை இல்லை என்றுதான் சொல்லும்.

எஸ் கட்டளையால் ஒரு சொல்லை மாற்றி நுழைக்கும்போது 12/11/2024 மாதிரித் திகதி இருந்தால், அந்தச் சாய்கோடுகளை எல்லை என்று செட் நினைத்துக் குழம்பும். எல்லைக் குறியை மாற்றி எஸ்|பழையது|புதியது| என்று எழுதுங்கள். புதிய சொல்லில் & இருந்தால் அதற்கு முன் \ வையுங்கள், இல்லாவிட்டால் & இருக்கும் இடத்தில் பழைய சொல் திரும்ப வந்து நிற்கும்.

அடைப்பு மூடவில்லை என்று சொன்னால், ஏ கட்டளைக்குப் பின்னாலேயே } போட்டிருப்பீர்கள். ஏ வரி முடியும்வரை எல்லாவற்றையும் நுழைக்க வேண்டிய எழுத்தாகவே விழுங்கும். } குறியை அடுத்த வரிக்கு இறக்குங்கள்.

லினக்ஸில் ஓடிய அதே வரி மக் கணினியில் ஓடாவிட்டால், அங்கே இருப்பது வேறு குடும்பத்துச் செட். -ஐ போட்டால் அடுத்து பேக்கப் வால் கட்டாயம், வேண்டாம் என்றால் -ஐ '' என்று வெற்று மேற்கோளாவது வேண்டும். ஏ எழுத்துக்குப் பிறகு \ வைத்து அடுத்த வரியில்தான் புது எழுத்தைத் தட்ட வேண்டும்.

நுழைந்தது, ஆனால் முன்னால் விட்ட இடைவெளி இல்லை

ஏ எழுத்துக்கும் சொல்லுக்கும் நடுவில் உள்ள வெளியைக் குனு செட் தின்றுவிடும். 'ஏ\    காத்தான்குடி' என்று ஒரு \ வைத்தால் அதற்குப் பின்னால் உள்ள வெளி அப்படியே நிற்கும்.

அனுமதி மறுக்கப்பட்டது

சூடோ எக்கோ ... >> /ஈடிசி/ஹோஸ்ட்ஸ் என்று எழுதினால் எக்கோவுக்குத்தான் சூடோ தரும் நிர்வாகி அதிகாரம் கிடைக்கிறது, >> குறியைக் கையாளுவது உங்கள் சாதாரண ஷெல். எக்கோ ... | சூடோ டீ -ஏ /ஈடிசி/ஹோஸ்ட்ஸ் என்று எழுதுங்கள். டீ தனக்கு வருவதைக் கோப்பில் எழுதும், -ஏ என்றால் வாலில் சேர். -ஏ மறந்தால் பழையது எல்லாம் அழியும், ஆகவே என்டரைத் தட்டும் முன் அதை இன்னொரு தரம் பாருங்கள்.

கோப்பில் எழுத அனுமதி இருக்கிறது, ஆனாலும் செட் -ஐ தற்காலிகக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்கிறதா? அது உங்கள் கோப்பில் எழுதுவதே இல்லை. அதே அடைவில் புதுக் கோப்பு ஒன்று எழுதி, பழையதன் பெயரை அதற்கு வைக்கிறது. அதனால் அடைவிலும் எழுத அனுமதி வேண்டும். சுட்டி இணைப்பு ஒன்றின் மேல் ஓட்டினால் இணைப்பு போய் அந்த இடத்தில் தனிக் கோப்பு வந்துவிடுவதும் இதனால்தான், அதற்கு --ஃபாலோ-சிம்லிங்க்ஸ் சேர்க்க வேண்டும்.

விண்டோஸில் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிட்டது

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வரும் பவர்ஷெல் 5.1, என்கோடிங் சொல்லாவிட்டால், கோப்பில் எழுதும் செட்-கன்டென்ட் கட்டளையில் (இது மேலே சொன்ன செட் இல்லை) பழைய குறிமுறையைப் பயன்படுத்துகிறது, அதில் தமிழுக்கு இடமில்லாததால் ஒவ்வொரு குறியும் ? ஆகிறது. அதே பவர்ஷெல்லில் >> போட்டால் யூடிஎஃப்-16 எழுதும், ஆக ஒரே கோப்பில் மேல்பாதி ஒரு முறை, கீழ்ப்பாதி இன்னொரு முறை. கெட்-கன்டென்ட், செட்-கன்டென்ட் இரண்டுக்கும் -என்கோடிங் யூடிஎஃப்8 என்று சொல்லுங்கள், படிக்கும்போது சொல்லாவிட்டால் எழுதும்போது சொல்லிப் பயனில்லை. கோப்பு வேறொரு நிரலின் பாவனையில் இருக்கிறது என்று பிழை வந்தால், கெட்-கன்டென்ட் பகுதியை அடைப்புக்குறிக்குள் போடுங்கள், முழுக்கப் படித்து முடித்த பிறகுதான் எழுதத் தொடங்கும். பவர்ஷெல் 7 நிறுவினால் யூடிஎஃப்-8 தானாகவே வரும், தமிழில் வேலை செய்பவர்கள் அதற்கு மாறிவிடுவது நல்லது. கேள்விக்குறியாகிச் சேமித்த தமிழை மீட்க வழி இல்லை, பேக்கப்பைத்தான் தேட வேண்டும்.

வேறொரு கோப்பை முழுதாக நுழைக்கச் சொன்னேன், ஒன்றும் வரவில்லை

'/கல்முனை/ஆர் மேலதிகம்' என்றால் மேலதிகம் என்ற கோப்பு முழுவதும் அந்த வரிக்குக் கீழே வரும். அந்தக் கோப்பு இல்லாவிட்டால் செட் ஒரு வார்த்தையும் சொல்லாது. பெயரின் பின்னால் ஒரு இடைவெளி விட்டாலும் அதுவும் பெயரின் பகுதியாகிவிடும். எல்எஸ் போட்டுக் கோப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

14 கோப்புகளுக்கும் நான் ஒரே சுற்றில் -ஐ.பேக் போட்டு ஓட்டினேன், பிறகு ஒவ்வொன்றையும் அதன் பேக்கப்போடு, வித்தியாசத்தைக் காட்டும் டிஃப் போட்டுப் பார்த்தேன். 13 கோப்புகளில் புதிதாகச் சேர்ந்தது என்று காட்டும் ஒரே ஒரு > வரி, காத்தான்குடி. ஒன்றில் வித்தியாசமே இல்லை, திறந்து பார்த்தால் அதில் நாவற்குடாவையே யாரும் எழுதவில்லை.